கூடிப் படித்த வேதம்: தென் திருவிதாங்கூரில் ஒரு வழக்கத்தின் வரலாறு

திருவனந்தபுரத்திலும், அதற்குத் தெற்கே நெய்யாற்றங்கரை, பாறசாலை, நெய்யூர், நாகர்கோவில் என்று நீளும் பழைய தென் திருவிதாங்கூரிலும், பைபிளைக் கூட்டமாக அமர்ந்து படிக்கும் வழக்கம் இருநூறு ஆண்டுகளுக்கு மேற்பட்டது. இன்று ஒவ்வொரு வீட்டிலும் நான்கைந்து பிரதிகள் கிடக்கின்றன. தனியே படிப்பதுதான் இயல்பு, கூடிப் படிப்பது அதன்மேல் வந்து சேர்ந்த பக்திப் பழக்கம் என்று தோன்றலாம். நடந்தது நேர்மாறு. ஊருக்கு ஒரு புத்தகமும் அதைப் படிக்கத் தெரிந்த ஒருவரும் மட்டுமே இருந்த காலத்தில் கூட்டு வாசிப்புதான் ஒரே வாசிப்பு. தனி வாசிப்பு அதிலிருந்து மெல்லப் பிரிந்து வந்தது.

அச்சிட்ட புத்தகம் வருவதற்கு முன்பே கடற்கரையில் கூட்டம் இருந்தது. 1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்த பிரான்சிஸ் சேவியர், விசுவாசப் பிரமாணத்தையும் பத்துக் கட்டளைகளையும் சில ஜெபங்களையும் இரு மொழி தெரிந்தவர்களைக் கொண்டு தமிழாக்கி மனப்பாடம் செய்துகொண்டார். மணியடித்துப் பிள்ளைகளையும் பெரியவர்களையும் கூட்டி, ஒவ்வொரு வரியாகச் சொல்லித் திரும்பச் சொல்லவைப்பது அவர் முறை. 1544-இன் இறுதியில் திருவிதாங்கூர்க் கரையில் ஒரே மாதத்தில் பத்தாயிரம் பேருக்கு மேல் திருமுழுக்குக் கொடுத்ததாக அவரே எழுதியிருக்கிறார். அடுத்த ஊருக்குப் புறப்படும்போது ஜெபங்களின் எழுத்துப்படி ஒன்றை விட்டுச்செல்வார். அதைச் சொல்லிக்கொடுக்க உள்ளூரிலேயே ஒருவரை அமர்த்துவார். கணக்கப்பிள்ளை என்று அழைக்கப்பட்ட இவர்கள்தாம் பின்னால் வந்த உபதேசியார்களுக்கு மூத்த தலைமுறை. 1578-இல் என்றிக்கே என்றிக்கஸ் பாதிரியாரின் 'தம்பிரான் வணக்கம்' கொல்லத்தில் அச்சானபோது இந்தப் பாடங்களுக்கு அச்சு வடிவம் கிடைத்தது. ஆனால் அது பைபிள் அல்ல, ஞானோபதேசச் சுருக்கம். பைபிளின் கதைகள் பிரசங்கமாகவும் பேச்சாகவுமே மக்களிடம் போயின.

அப்படிப் போன கதைகளில் ஒன்று வரலாற்றில் இடம்பெற்றுவிட்டது. 1741-இல் குளச்சல் போரில் திருவிதாங்கூர் அரசர் மார்த்தாண்ட வர்மாவிடம் சிறைப்பட்டுப் பின் அவர் படையைப் பயிற்றுவித்த, டச்சுக் கம்பெனிப் படையைச் சேர்ந்த டிலனாய், துயரத்தில் இருந்த அரண்மனை அதிகாரி நீலகண்ட பிள்ளைக்கு யோபுவின் கதையைச் சொன்னார் என்பது மரபு. நீலகண்ட பிள்ளை 1745-இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆனார். கடற்கரைக்கு உள்ளே நடந்த இந்த மறைப்பணிக்கு இயேசு சபையார் வைத்திருந்த பெயர் நேமம் மிஷன். திருவனந்தபுரத்தை ஒட்டிய அதே நேமந்தான்.

புத்தகம் வேறு வழியாக வந்தது. தரங்கம்பாடியில் சீகன்பால்க் மொழிபெயர்த்த தமிழ்ப் புதிய ஏற்பாடு 1715-இல் அச்சானது. இந்திய மொழி எதிலும் அதற்கு முன் புதிய ஏற்பாடு அச்சானதில்லை. பப்ரீசியஸின் முழு பைபிள் அந்த நூற்றாண்டின் இறுதிக்குள் நிறைவடைந்தது. அது தென் திருவிதாங்கூருக்குள் நுழைந்த கதை மயிலாடி மகாராசனோடு தொடங்குகிறது. சாம்பவர் குலத்தைச் சேர்ந்த மகாராசன் சிதம்பர யாத்திரை போய்த் திரும்பும் வழியில், 1799-ஐ ஒட்டித் தஞ்சாவூரில் மிஷனரி கோலாப் ஐயரின் வழிபாட்டைக் கேட்டு, வேதமாணிக்கம் என்ற பெயருடன் ஊர் திரும்பினார். கையில் சில புத்தகங்கள் இருந்தன. வீட்டாரையும் சுற்றத்தாரையும் வைத்துக்கொண்டு அவர் படித்துக் காட்டிய கூட்டமே தென் திருவிதாங்கூரின் முதல் புராட்டஸ்டண்ட் வேதபாடக் கூட்டம் என்று கொள்ளலாம். லண்டன் மிஷனைச் சேர்ந்த ரிங்கல்தோபே 1806 ஏப்ரல் 25-இல் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக உள்ளே வந்தபோது அவரை எதிர்பார்த்து ஒரு கூட்டம் ஏற்கெனவே இருந்தது. மிஷன் வரலாறுகள் ரிங்கல்தோபேயை நிறுவனராகச் சொல்கின்றன. வரிசைப்படி பார்த்தால் அந்தக் கூட்டந்தான் மிஷனரியை வரவழைத்தது. 1816-இல் அவர் உடல்நலம் கெட்டுக் கிளம்பியபோது சபைகளின் பொறுப்பு மறுபடி வேதமாணிக்கத்திடமே வந்தது.

1818-இல் நாகர்கோவிலில் சார்லஸ் மீட் வேலையை எடுத்துக்கொண்டபின் சபைகள் வேகமாகப் பெருகின. ஒரு மிஷனரியின் பொறுப்பில் பல பத்து ஊர்கள். ஒவ்வொன்றுக்கும் அவர் வருவது எப்போதாவதுதான். ஆகவே சபையின் அன்றாட வாழ்க்கை உபதேசியார் கையில் இருந்தது. ஓலை வேய்ந்த மண்சுவர்க் கட்டடம். பகலில் பள்ளிக்கூடம், அந்தியில் ஜெபவீடு. பனையேறுகிறவர்கள் காலையிலும் மாலையிலும் மரத்தில் இருந்தார்கள். நெல்வயல் வேலைக்காரர்களுக்குப் பொழுது சாய்ந்தபிறகுதான் ஓய்வு. வாரநாள் கூட்டம் இரவில் நடந்ததற்கு அதுவே காரணம்.

கூட்டத்தின் அமைப்பு திண்ணைப் பள்ளியின் அமைப்பேதான். உபதேசியார் ஒரு வசனத்தைப் படிப்பார். கூட்டம் அதைத் திரும்பச் சொல்லும். பிறகு கேள்வி: யார் போனார், எங்கே போனார், யாரைப் பார்த்தார், என்ன சொன்னார். பதில் ஒருவரிடமிருந்து வந்தாலும் எல்லாரும் சேர்ந்து அதை மறுபடி சொல்ல வேண்டும். ஞாயிறு பிரசங்கத்தின் நடுவிலும் கேள்விகள் வரும். தூங்கிவிழுகிறவரைப் பார்த்துக் கேட்பது வழக்கமான தந்திரம். திருமுழுக்குக் கேட்டு வந்தவர்கள் பத்துக் கட்டளைகளையும் கர்த்தருடைய ஜெபத்தையும் ஒப்பிக்க வேண்டும். எழுத்தறியாத முதியவர்களுக்கு இதுவே பெரும் பாடு. பள்ளிக்குப் போகும் பேரப்பிள்ளை இரவில் பாட்டிக்கு வசனம் சொல்லிக்கொடுக்கும் காட்சி அப்படி உண்டானதுதான். ஓதல், திருப்பிச் சொல்லல், ஒப்பித்தல் மூன்றும் தமிழ்க் கல்விமுறையின் பழைய கருவிகள். மிஷனரிகள் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. கிடைத்த கருவியை எடுத்துக்கொண்டார்கள். கேள்வி கேட்கும் பகுதியை மட்டும் கொஞ்சம் நீட்டினார்கள் என்று சொல்லலாம்.

படித்துக்காட்டுகிறவருக்கும் படிப்பு தேவைப்பட்டது. உபதேசியார்களும் அவர்களுக்குக் கீழிருந்த வாசகர்களும் குறித்த நாளில் மிஷன் பங்களாவுக்கு வந்து, தங்கள் ஊர்ச் செய்திகளைச் சொல்லிவிட்டு, ஒரு வேதப்பகுதியை மிஷனரியுடன் சேர்ந்து படிப்பார்கள். ஒருவர் பிரசங்கக் குறிப்பைச் சொல்ல மற்றவர்கள் குறைகாண்பார்கள். அங்கே கேட்ட விளக்கம் அடுத்த ஞாயிற்றுக்கிழமை முப்பது நாற்பது ஊர்களில் ஏறத்தாழ ஒரே மாதிரி ஒலித்திருக்கும். 1819-இல் தொடங்கிய நாகர்கோவில் செமினரி இந்தப் பயிற்சிக்கு நிலையான இடமாயிற்று. இன்றைய ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரி அதன் தொடர்ச்சி. 1820-ஐ ஒட்டி அங்கே நிறுவப்பட்ட அச்சகம் வினாவிடைச் சுவடிகளையும் துண்டுப் பிரசுரங்களையும் தள்ளிக்கொண்டே இருந்தது. முழு பைபிள் விலையும் எடையும் கூடிய பொருள். கூட்டங்களில் பெரும்பாலும் புழங்கியவை ஒரு சுவிசேஷம் மட்டும் கொண்ட சிறு நூல்களும் வினாவிடைகளுந்தாம்.

திருவனந்தபுரம் நகரம் இந்த வட்டத்துக்குள் தாமதமாகவே வந்தது. பத்மநாபசுவாமியின் ஊர், அரசன் பத்மநாபதாசன். அங்கே மிஷன் நிலையம் வைக்க நெடுங்காலம் அனுமதி கிடைக்கவில்லை. பிரிட்டிஷ் ரெசிடெண்டின் துணையோடு 1838-இல் மிஷனரி ஜான் காக்ஸ் இடம் பெற்றார். இன்று பாளையத்தில் எல்.எம்.எஸ். (லண்டன் மிஷன்) வளாகம் என்று வழங்கும் நிலம் அந்தப் பணியின் மையமாயிற்று. தெற்கே எழாத ஒரு சிக்கல் இங்கே எழுந்தது. நகருக்குத் தெற்கே சபைகளின் மொழி தமிழ், வடக்கே ஆற்றிங்கல், கொல்லம் பக்கம் மலையாளம், நகரிலோ இரண்டும். ஒரே மிஷனின் உபதேசியார்கள் சிலர் தமிழ் வேதத்தையும் சிலர் மலையாள வேதத்தையும் வைத்துக்கொண்டு ஒரே பாடத்தைப் படித்தார்கள்.

மலையாளத்தில் புத்தகம் கிடைத்ததே பிந்தி. சிரியன் கிறிஸ்தவர்களின் வழிபாட்டு வேதம் சிரியாக் மொழியில் இருந்தது; குருக்களைத் தவிர அதைப் படிக்கக்கூடியவர் மிகக் குறைவு. காயங்குளம் பிலிப்போஸ் றம்பான் சிரியாக்கிலிருந்து பெயர்த்த நான்கு சுவிசேஷங்கள் 1811-இல் பம்பாயில் அச்சாயின. அந்தப் பணியில் திம்மப்ப பிள்ளை என்பவர் பப்ரீசியஸின் தமிழ் பைபிளைக் கொண்டு உதவினார். மலையாள வேதத்தின் முதல் அச்சுப் பிரதிக்குப் பின்னால் தமிழ் வேதம் நிற்பது கேரளத்தில் அவ்வளவாகப் பேசப்படாத செய்தி. கோட்டயத்தில் பெஞ்சமின் பெய்லியின் புதிய ஏற்பாடு 1829-இல் வந்தது. முழு பைபிள் 1840களின் தொடக்கத்தில் வந்தது. தமிழில் சபைகள் பலவும் ஏற்ற பவர் ஐயர் தலைமையிலான திருத்தம் 1871-இல் நிறைவுற்றது. தென் திருவிதாங்கூர்ச் சபைகளில் அதன் நடை இன்றும் ஜெபத்தின் நடையாகவே இருக்கிறது.

சாதியைச் சொல்லாமல் இந்த வரலாற்றைச் சொல்ல முடியாது. வேதம் என்ற பெயர் கொண்ட எதையும் காதால் கேட்கவும் உரிமை மறுக்கப்பட்ட சாம்பவரும் புலையரும் நாடாரும் தங்கள் கூட்டத்தில் வைத்துப் படித்ததை வேதம் என்றே அழைத்தார்கள். ஊராரும் அவர்களை வேதக்காரர் என்றார்கள், கட்டடம் வேதக்கோயில். திருவிதாங்கூரில் 1855 வரை அடிமைமுறை சட்டப்படி இருந்தது. அடிமைகள் கூட்டத்துக்கு வரும் நேரத்தை நிலக்காரரே தீர்மானித்தார். ஞாயிறு ஓய்வு பற்றிய கட்டளை வயலில் நேரடியான தொழில் தகராறாக மாறியது. நாடார் பெண்களின் மேலாடை உரிமைக்காக எழுந்த தோள்சீலைக் கலகத்தின் கடைசிக் கட்டத்தில், 1858 இறுதியிலும் 1859 தொடக்கத்திலும், ஜெபவீடுகளும் பள்ளிகளும் எரிக்கப்பட்டன. பாதிப் பள்ளியும் பாதிக் கோயிலுமான அந்த ஓலைக் கட்டடங்கள் இலக்கானதில் வியப்பில்லை. 1859 ஜூலையில் நாடார் பெண்கள் மேலாடை அணியலாம் என்ற அரசு அறிவிப்பு வந்தது.

அதே கிறிஸ்தவச் சபைகளுக்குள்ளும் சாதி போய்விடவில்லை. நாடார் சபை, சாம்பவர் சபை என்று ஊர்கள் பிரிந்தன; ஒரே பாயில் உட்காருவதே பல இடங்களில் சண்டைக்குக் காரணமாயிற்று. இதே காலத்தில் இதே மக்களிடையே வேறொரு கூட்டு வாசிப்பும் எழுந்தது. அய்யா வைகுண்டரின் வழியினர் 1841-இல் எழுதப்பட்டதாகக் கொள்ளும் அகிலத்திரட்டைத் தங்கள் வழிபாட்டிடங்களான பதிகளில் நாள்கணக்கில் ஏடு வாசித்துக் கேட்டார்கள். வைகுண்டரைத் திருவனந்தபுரத்தில் சிறைவைத்த அரசும் அவரைக் கண்டித்து அறிக்கை எழுதிய மிஷனரிகளும் இந்த ஒற்றுமையைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

பெண்களின் கூட்டம் தனி ஓட்டம். 1819 இறுதியில் நாகர்கோவில் வந்த மார்த்தா மால்ட் பெண்பிள்ளைகளுக்கு விடுதிப் பள்ளி தொடங்கிப் பின்னல் வேலை கற்றுக்கொடுத்தார். ஒரு கையில் பின்னலும் எதிரே வாசிக்கும் ஒருத்தியுமாக அமைந்த வகுப்புகளில் பிள்ளைகள் வேலையோடு வசனமும் கற்றார்கள். பின்னல் விற்ற பணம் பெண்கல்விக்குப் போயிற்று. ராபர்ட் கால்டுவெல்லை மணந்து இடையன்குடிக்குப் போன எலைசா மார்த்தாவின் மகள். பின்னலும் வகுப்பும் அவருடனேயே திருநெல்வேலிக்குப் போயின. நூற்றாண்டின் பிற்பாதியில் 'பைபிள் உமன்' என்றே தமிழிலும் அழைக்கப்பட்ட பெண் ஊழியர்கள் வீடுவீடாகச் சென்று முற்றத்திலும் அடுக்களை வாசலிலும் நான்கைந்து பெண்களை வைத்துப் படித்துக் காட்டினார்கள். ஆண் உபதேசியார் நுழைய முடியாத இடங்கள் அவை. திருவனந்தபுரம் கோட்டைக்குள் அகஸ்டா பிளாண்ட்போர்ட் 1864-இல் தொடங்கிய பெண்கள் பள்ளியில் உயர்சாதிச் சிறுமிகள் பைபிள் கதைகளைப் பாடமாகக் கேட்டார்கள். மதம் மாறியவர் அங்கே மிகச் சிலர். படித்தவர் பலர்.

1860களிலிருந்து 1891 வரை திருவனந்தபுரத்தில் இருந்த மிஷனரி சாமுவேல் மெட்டீர் ஊர்வழக்கங்களைக் குறித்துவைத்த கையோடு பாட்டிலும் அக்கறை கொண்டிருந்தார். தமிழ்ச் சபைகளில் தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரின் கீர்த்தனைகள் வேதப்பாடத்தின் பாதி வேலையைச் செய்துகொண்டிருந்தன; மலையாளச் சபைகளுக்கு அப்படி ஒன்று இல்லை. நெய்யாற்றங்கரை அருகே திருப்புறத்தில் 1847-இல் பிறந்த மோசவத்சலம் அந்தக் குறையைத் தீர்த்தார். தமிழ்க் கீர்த்தனைகளை மலையாளமாக்கியும் சொந்தமாக இயற்றியும், கர்நாடக ராகங்களில் பைபிள் பகுதிகளைப் பாடவைத்தார். வசனத்தை மறந்தவருக்கும் பாட்டு மறக்கவில்லை. 1916-இல் அவர் மறைந்தபோது அவர் பாடல்கள் சபை எல்லைகளைத் தாண்டிப் போயிருந்தன.

வேதத்தைக் கூடிப் படித்தவர்கள் எல்லாரும் அதை ஏற்கப் படித்தவர்கள் அல்லர். திருவனந்தபுரம் கண்ணம்மூலையில் 1853-இல் பிறந்த சட்டம்பி சுவாமிகள், கோயில் திருவிழாக்களில் மிஷனரிகள் பிரசங்கிப்பதைக் கண்டு பைபிளை நுணுகிப் படித்து, 1890-ஐ ஒட்டிக் 'கிறிஸ்துமத சேதனம்' எழுதினார். அந்த வாதங்களைச் சீடர்களுக்குப் பாடமாகச் சொல்லி மேடைக்கு அனுப்பவும் செய்தார். இதைவிட ஆழமான எதிர்ப்பு உள்ளேயிருந்து வந்தது. அடிமைகளின் வழிவந்த பொய்கையில் யோகன்னான், மார்த்தோமா சபையிலும் பிரதரன் சபையிலும் சொல்வன்மை மிக்க வேதபோதகராக இருந்தவர். அடிமைகளாயிருந்த தம் குலத்தைப் பற்றி இந்தப் புத்தகத்தில் எழுத்தொன்றும் இல்லையே என்று தம் கூட்டங்களில் கேட்டார், பைபிளை எரித்தார், 1909-இல் பிரத்தியட்ச ரட்சா தெய்வ சபையை நிறுவினார். 1921-இலும் 1931-இலும் அவர் ஸ்ரீமூலம் பிரஜா சபைக்கு நியமிக்கப்பட்டுத் திருவனந்தபுரத்தில் ஒடுக்கப்பட்டோருக்கு நிலமும் கல்வியும் கேட்டுப் பேசினார். கேள்வி கேட்டே வேதம் படிக்கப் பழகிய கூட்டங்களிலிருந்து இப்படியொரு கேள்வி எழுந்தது அந்தப் படிப்பின் தோல்வி என்று சொல்வதற்கில்லை.

இருபதாம் நூற்றாண்டுக்குள் எழுத்தறிவு பரவ, கூட்டத்தின் வடிவமும் மாறியது. இங்கிலாந்தில் ராபர்ட் ரெய்க்ஸ் 1780-இல் தெருப்பிள்ளைகளுக்கு எழுத்தறிவிக்கத் தொடங்கிய ஞாயிறு பள்ளி, இங்கே ஓய்வுநாள் பள்ளி என்ற பெயரில் வேதப்பாடத்துக்கு மட்டுமான வகுப்பாயிற்று. 1876-இல் அலகாபாத்தில் உருவான இந்திய ஞாயிறு பள்ளிச் சங்கமும், உலகெங்கும் ஒரே ஞாயிறு ஒரே பாடம் என்ற திட்டமும் வயதுவாரியான வகுப்பையும் அச்சிட்ட பாடத்தையும் மனப்பாட வசனத்தையும் ஆண்டுத் தேர்வையும் கொண்டுவந்தன. பரிசுக்கு வசனம் ஒப்பிக்கும் போட்டி பிள்ளைகளுக்குத் திருவிழாவாயிற்று. பாடத்தைக் கேள்வியாக அன்றித் தேர்வாகப் பார்க்கும் பழக்கமும் அதோடு வந்தது. 1873-இலேயே திருவனந்தபுரத்தில் வேர்கொண்ட ஒய்.எம்.சி.ஏ., கல்லூரி மாணவர்களும் அரசு குமாஸ்தாக்களும் ஆங்கிலத்தில் கூடிப் படிக்கும் இடமாக இருந்தது. ஓலைக்கொட்டகைக் கூட்டத்துக்கும் இதற்கும் இடையே மொழி மட்டுமா, வர்க்கமே வேறு.

1947 செப்டம்பர் 27-இல் தென்னிந்தியத் திருச்சபை பிறந்தபோது லண்டன் மிஷன் சபைகள் அதில் சேர்ந்தன. 1956-இல் கன்னியாகுமரி மாவட்டம் சென்னை மாநிலத்தோடு இணைந்தபின், 1959-இல் இப்பகுதித் திருமண்டலமும் கன்னியாகுமரி, தென்கேரளம் என இரண்டானது. ஒரு காலத்தில் ஒரே உபதேசியார் கூட்டத்தில் உட்கார்ந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இரு மாநிலங்களில், இரு மொழிகளில், வெவ்வேறு பாடத்திட்டங்களில் படிக்கத் தொடங்கினார்கள். சட்டம்பி சுவாமிகள் பிறந்த கண்ணம்மூலையிலேயே 1943 முதல் கேரள ஐக்கிய இறையியல் கல்லூரி நடக்கிறது. உபதேசியார் பயிற்சி அங்கே பட்டப்படிப்பாகிவிட்டது.

கத்தோலிக்கர் பக்கம் மாற்றம் தாமதமாக, ஆனால் பரவலாக வந்தது. பூந்துறை, விழிஞ்ஞம், பூவாறு, புல்லுவிளை போன்ற கடற்கரை ஊர்களில் செபமாலையும் புனிதர் வரலாறும் திருப்பாடுகளின் பாடல்களுமே வீட்டுப் பக்தியாக இருந்தன. தமிழும் மலையாளமும் அவற்றில் கலந்திருந்தன. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 நவம்பரில் வெளியிட்ட இறைவெளிப்பாடு பற்றிய ஏடு, வேதம் எல்லா விசுவாசிகளுக்கும் தாராளமாகத் திறந்திருக்க வேண்டும் என்றது. மலையாளத்தில் பி.ஓ.சி. பைபிள் 1981-இல் முழுமையானது; தமிழில் கத்தோலிக்கரும் பிற சபையினரும் சேர்ந்து உருவாக்கிய திருவிவிலியம் 1995-இல் வந்தது.

புத்தகம் வந்ததும் கூட்டமும் வந்தது. 1990-ஐ ஒட்டித் திருவனந்தபுரம் லத்தீன் மறைமாவட்டம், பங்குகளை முப்பது நாற்பது குடும்பங்கள் கொண்ட சிறு குழுக்களாகப் பிரித்தது. தமிழ்நாட்டுக் கத்தோலிக்கர் அன்பியம் என்று அழைப்பது இதைத்தான். கூட்டம் குருமனையில் அன்றி வீடுகளில் முறைவைத்து நடக்கும். இதற்குப் பெரிதும் பயன்பட்ட ஏழுபடி முறை தென்னாப்பிரிக்காவின் லும்கோ நிறுவனத்தில் உருவானது. ஒருவர் ஆண்டவரை அழைத்து ஜெபிப்பார், பகுதி வாசிக்கப்படும், மனதைத் தொட்ட சொல்லையோ தொடரையோ அவரவர் உரக்கச் சொல்வார்கள், சிறிது நேரம் மௌனம், பிறகு தமக்குத் தோன்றியதைப் பகிர்தல், தெருவில் செய்யவேண்டிய ஒரு காரியத்தைத் தீர்மானித்தல், கடைசியில் சேர்ந்து ஜெபித்தல். பிரசங்கமும் இல்லை, விளக்கம் சொல்லும் உபதேசியாரும் இல்லை. ஒருவர் சொன்னதை இன்னொருவர் திருத்தக்கூடாது என்பது விதி. மீனவக் குடியிருப்புகளில் இந்தக் குழுக்களை நடத்துபவர்கள் பெரும்பாலும் பெண்கள். தண்ணீர்க்குழாய், சேமிப்பு, குடிப்பழக்கம் போன்ற காரியங்கள் ஆறாம் படியில் தவறாமல் வருவதால், சில இடங்களில் அது பாதி வேதப்பாடமும் பாதி ஊர்க்கூட்டமுமாக நடக்கிறது.

விளக்கம் சொல்ல ஆளில்லாத முறையைக் குறைகூறுவோரும் உண்டு. எழுதப்பட்ட காலமும் சூழலும் தெரியாமல் தோன்றியதைச் சொல்வது படிப்பாகுமா என்பது அவர்கள் கேள்வி. தென்னிந்தியத் திருச்சபையிலும் பெந்தெகொஸ்தே சபைகளிலும் வீட்டுக்கூட்டங்களில் போதகரோ மூப்பரோ விளக்குவதே இன்னும் வழக்கம். ஏனையோர் கையில் குறிப்பேடும் அடிக்கோடிட்ட பைபிளுமாகக் கேட்கிறார்கள். கல்லூரி மாணவர் குழுக்கள் மூன்றாவது வழியில் போகின்றன. பகுதி என்ன சொல்கிறது, அதன் பொருள் என்ன, நமக்கு அதில் என்ன என்ற மூன்று கேள்விகளை அச்சிட்டு வைத்துக்கொண்டு, தலைவர் முடிந்தவரை பேசாமல் இருக்கப் பயிற்சி பெறுகிறார். ஏப்ரல், மே விடுமுறையில் பிள்ளைகளுக்கு நடக்கும் விடுமுறை வேதாகமப் பள்ளியில் பாட்டும் நாடகமும் கைவேலையும் வசனத்தைச் சுமக்கின்றன. பெரும்பாலான சபைகளில் ஆண்டிலேயே அதிகம் பேர் கூடும் வேதவகுப்பு அதுதான். கொரோனாக் காலத்தில் கூட்டங்கள் கைப்பேசித் திரைக்கு மாறின. தடை நீங்கியபின் வீடுகளுக்குத் திரும்பிய குழுக்களோடு, வளைகுடா நாடுகளில் வேலைபார்க்கும் குடும்பத்தார் சிலரும் திரைவழியே தொடர்ந்து சேர்ந்துகொள்கிறார்கள்.